புரோகோரவ்கா தேவாலயம்: செம்படை வீரர்களுக்குச் சிலுவை எதற்கு?

கரிசல்காட்டான்:

1943-இல் சோவியத் படையும் ஜெர்மன் படையும் மோதிய குர்ஸ்க் போரைப் பற்றி இங்கே பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் நேர்கோடு ஒரு வரி எழுதியிருந்தார்: "புரோகோரவ்காவில் தேவாலயம் கட்டியது, செத்தவர்களுக்குச் செய்த இரண்டாவது அநியாயம்." அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் இந்தத் தனி இழை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. புரோகோரவ்கா, ரஷ்யாவின் பெல்கரத் மாகாணத்தில் ரயில் நிலையத்தைச் சுற்றி வளர்ந்த சிற்றூர். 1943 ஜூலை 12 அன்று அதன் அருகே சோவியத் 5-வது காவல் டாங்கிப் படையும் ஜெர்மனியின் இரண்டாம் எஸ்.எஸ். (நாஜிக் கட்சியின் தனிப்படை) டாங்கிப் படைப்பிரிவும் மோதின. ஒரு பக்கம் பிசெல் ஆறு, மறுபக்கம் ரயில் பாதையின் மேடு, நடுவே குறுகலான வயல்வெளி. அந்த இடுக்குக்குள் நூற்றுக்கணக்கான சோவியத் டாங்கிகள் பட்டப்பகலில் பாய்ந்தன. அன்று பழைய நாட்காட்டிப்படி பேதுரு, பவுல் திருநாள். அரை நூற்றாண்டு கழித்து, 1995 மே 3 அன்று, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் தலைவரான பேட்ரியார்க் இரண்டாம் அலெக்சி அந்த ஊரில் பேதுரு பவுல் தேவாலயத்தை அர்ச்சித்தார். உள்ளே சுவரெல்லாம் பளிங்குப் பலகைகள். அந்தச் சண்டைகளில் இறந்த சுமார் 7,000 பேரின் பெயர்களை அவற்றில் வெட்டியிருக்கிறார்கள்.

என் கருத்து இதுதான். புரோகோரவ்காவில் இருக்கும் நினைவுச்சின்னங்களில் வெற்றியைப் பற்றிப் பேசாமல் செத்தவனைப் பற்றி மட்டும் பேசுவது அந்தத் தேவாலயம் ஒன்றுதான். மற்றதெல்லாம் பீரங்கி, டாங்கி, தளபதி. அதை எப்படி அநியாயம் என்கிறீர்கள்?

நேர்கோடு:

தனி இழை போட்டதற்கு நன்றி நண்பரே. விளக்கமாகவே சொல்கிறேன்.

முதல் அநியாயம், அந்தப் பையன்கள் செத்த விதம். 5-வது காவல் டாங்கிப் படை அன்று ஒரே நாளில் இழந்த டாங்கிகளும் இயங்கு பீரங்கிகளும் 300-க்கும் மேல். ஜெர்மன் தரப்பில் அன்று அடியோடு அழிந்த டாங்கிகள் மிகச் சொற்பம். டாங்கிகள் பாய்ந்த பாதையில், 252.2 என்ற மேட்டுக்குக் கீழே, சோவியத் படையே முன்பு வெட்டிய டாங்கித் தடுப்புப் பள்ளம் இருந்தது. வேகமாக வந்த டாங்கிகள் அதில் சிக்கின. வந்தவற்றில் கணிசமானவை டி-70 என்ற இலகு டாங்கிகள். எதிரியின் குண்டு அவற்றைக் காகிதம்போலத் துளைத்தது. ஸ்டாலின் கொதித்துப்போய் கட்சித் தலைவர்களில் ஒருவரான மாலென்கோவ் தலைமையில் விசாரணைக் குழு அனுப்பினார். படைத்தளபதி ரோட்மிஸ்த்ரோவ் ராணுவ நீதிமன்றத்தின் வாசல்வரை போய்த் தப்பினார். போருக்குப் பிறகு அதே மனிதர்தான் அந்த நாளை உலகின் மாபெரும் டாங்கி வெற்றியாக எழுதினார். இரு தரப்பிலும் சேர்த்து 1,200, 1,500 டாங்கிகள் என்ற கதை பள்ளிப் பாடத்தில் ஏறியது.

இரண்டாவது அநியாயம், அந்தக் கதைக்கு மேல் போட்ட புனிதப் போர்வை. ஒரு அருங்காட்சியகத்தில் "இந்த எண் தவறு" என்று சொல்லலாம். தேவாலயத்துக்குள் நின்று அப்படிச் சொல்ல முடியுமா? சாம்பிராணிப் புகை வந்த இடத்தில் கேள்வி நின்றுபோகும். "தியாகிகள்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால், யார் அவர்களை அந்தப் பள்ளத்துக்குள் அனுப்பியது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று. 1995 மே மாதம் ரஷ்யாவில் என்ன நடந்துகொண்டிருந்தது? செச்னியப் போர். செச்னியத் தலைநகர் க்ரோஸ்னியில் செத்த பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களின் உடல்கள் அடையாளம் தெரியாமல் ராஸ்தோவ் நகர ராணுவ ஆய்வகத்தில் கிடந்தன. தாய்மார்கள் அங்கே போய் ஒவ்வொரு உடலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே நேரத்தில் ஐம்பது வருடத்துக்கு முன் இறந்தவர்களின் பெயரைப் பளிங்கில் வெட்டி விழா நடத்திய அரசைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வருகிறது.

குர்ஸ்க்_ஸ்டெத்:

நான் குர்ஸ்க் மருத்துவப் பல்கலையில் படித்தவன். நம் ஊர்ப் பிள்ளைகள் நிறைய பேர் அங்கே படித்திருக்கிறோம். மே 9 விடுமுறையில் ரஷ்ய வகுப்புத் தோழன் குடும்பத்தோடு புரோகோரவ்கா போயிருக்கிறேன்.

இருவரும் ஒரு விஷயத்தைக் கலந்து பேசுகிறீர்கள். அங்கே இரண்டு தனித்தனி இடங்கள் இருக்கின்றன. 252.2 மேட்டில், வயலுக்கு நடுவே நிற்பது மணிக்கோபுரம். 59 மீட்டர் உயரம், சிற்பி வியாசெஸ்லாவ் கிலிகோவ் வடித்தது. நான்கு தூண்கள், போரின் நான்கு வருடங்களுக்காக; உச்சியில் தேவ அன்னையின் பொன்னிறச் சிலை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும். முதல் மணி 1380-இல் மங்கோலியரோடு மோதிய குலிகோவோ களத்துக்கு, இரண்டாவது 1812-இல் நெப்போலியனோடு மோதிய பொரோடினோவுக்கு, மூன்றாவது புரோகோரவ்காவுக்கு. தேவாலயம் அங்கே இல்லை. அது இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஊருக்குள் இருக்கிறது. பக்கத்தில் வீடுகள், கடைகள். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரர்கள் பூசைக்கு வருகிறார்கள். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் நடக்கிறது, கல்யாணம் நடக்கிறது.

மேட்டில் எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். தேவாலயத்துக்குள் வந்ததும் யாரும் போனை எடுக்கவில்லை. தோழனின் பாட்டி சுவரில் அகரவரிசையில் தேடிப் போய் ஒரு பெயரில் கை வைத்தார். அவருடைய அண்ணன் பெயர். அவர் அங்கே நின்றபோது ஸ்டாலினையோ ரோட்மிஸ்த்ரோவையோ நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அண்ணனுக்குக் கல்லறை கிடையாது. அந்தக் குடும்பத்துக்கு இருப்பது அந்தப் பலகை மட்டும்தான்.

நேர்கோடு:

டாக்டர் தம்பி, அந்தப் பாட்டியின் துக்கத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். என் கேள்வி, அவர் கை வைக்கும் கல் ஏன் ஒரு மதத்தின் வழிபாட்டு இடத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. அதே பெயர்களை வயல் ஓரத்தில், திறந்த வெளியில், நீளமான சுவரில் வெட்டியிருக்கலாமே. செம்படையில் ரஷ்யர் மட்டுமா இருந்தார்கள்? டாட்டர், கசாக், உஸ்பெக், பாஷ்கிர், யூதர், ஜார்ஜியர், ஆர்மீனியர் எல்லாரும் இருந்தார்கள். ஒரு கசாக் குடும்பம் தாத்தாவின் பெயரைத் தேடி வந்தால், முக்காடு போட்டுக்கொண்டு, ஐகான்களுக்கு (புனிதர் படங்களுக்கு) நடுவே நின்றுதான் தேட வேண்டும். யூதக் குடும்பம் சிலுவைக்குக் கீழேதான் தேட வேண்டும். அவர்களிடம் யாராவது கேட்டார்களா?

மேட்டுத்தெரு:

நேர்கோடு சொன்னதற்கு மேல் சில தேதிகள் சேர்க்கிறேன். அதுவரை ஒடுக்கி வைத்திருந்த திருச்சபையோடு சமரசம் செய்ய ஸ்டாலின் மூன்று மெட்ரோபாலிட்டன்களை (மூத்த பேராயர்களை) கிரெம்ளினுக்கு அழைத்துப் பேசியது 1943 செப்டம்பர் 4. பேட்ரியார்க் தேர்தல் நடந்தது செப்டம்பர் 8. திருச்சபை திரட்டிக் கொடுத்த 40 டாங்கிகள், திமித்ரி தன்ஸ்கோய் அணி, துலா பக்கத்தில் படையிடம் ஒப்படைக்கப்பட்டது 1944 மார்ச் 7. எல்லாமே புரோகோரவ்காவுக்குப் பிறகு. ஜூலை 12 அன்று செத்த டாங்கிக்காரன் தலையில் இருந்தது சிவப்பு நட்சத்திரம். பாசிசத்தை எதிர்த்து, தன் சோவியத் நாட்டுக்காக அவன் செத்தான். நிறைய பேர் கொம்சோமோல் என்ற கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பின் உறுப்பினர்கள். சண்டைக்கு முந்தின இரவு, "நான் செத்தால் என்னைக் கம்யூனிஸ்டாகக் கருதுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் அந்தப் போர் முழுவதும் இருந்தார்கள். அவன் எழுதிக் கொடுத்ததைக் கிழித்துவிட்டு, அவன் பெயருக்கு மேல் சிலுவை வைப்பதற்கு என்ன பெயர்? செத்தவன் எழுந்து மறுக்க மாட்டான் என்ற தைரியம்தானே?

கரிசல்காட்டான்:

தோழர் மேட்டுத்தெரு, நீங்கள் கொடுத்த தேதிகள் எல்லாம் சரி. அதே தேதிகளை நான் வேறு விதமாகப் படிக்கிறேன்.

1937-இல் சோவியத் அரசு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தியது. அதில் மதம் பற்றி ஒரு கேள்வி. பெயர், முகவரி எல்லாம் எழுதிக்கொள்ளும் அரசு ஊழியரிடம், கைதுகள் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த வருடத்தில், பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களில் பாதிக்கு மேல், சுமார் 57 சதவீதம் பேர், "நான் விசுவாசி" என்று சொன்னார்கள். அவர்களில் பெரும்பகுதி ஆர்த்தடாக்ஸ். அரசு அந்தக் கணக்கெடுப்பையே முடக்கிவிட்டது; நடத்திய அதிகாரிகளைக் கைது செய்தது. அப்போது பயத்தை மீறி அப்படிச் சொன்ன கிராமத்துத் தாய்களின் பிள்ளைகள்தான் ஆறு வருடம் கழித்து அந்த வயலில் செத்தார்கள். பிள்ளை கொம்சோமோலில் இருந்திருக்கலாம். ஊர்க் கோயிலைத் தானியக் கிடங்காக மாற்றியிருப்பார்கள், மணியை இறக்கி உருக்கியிருப்பார்கள். மகன் இறந்த செய்தி வந்த அன்று மெழுகுவத்தி ஏற்ற அந்தத் தாய்க்கு இடமில்லை. போர் முடிந்து கொஞ்சம் இடம் கிடைத்தது. 1958-லிருந்து 1964-க்குள் ஸ்டாலினுக்குப் பின் வந்த குருஷ்சேவ் ஆயிரக்கணக்கான கோயில்களை மறுபடி மூடினார். நிறைய தாய்மார்கள் அந்தக் காலத்தில்தான் இறந்துபோனார்கள்.

1995-இல் கட்டிய தேவாலயம் அந்தத் தாய்க்கு வர வேண்டிய பாக்கி. தாமதமாக வந்தது, அவள் உயிரோடு இல்லாதபோது வந்தது. அதற்காக அது தவறாகிவிடுமா?

மேட்டுத்தெரு:

தாய்க்கு வர வேண்டிய பாக்கி என்றால், தாயின் ஊரில் இடித்த கோயிலைத் திரும்பக் கட்டுங்கள். நான் வரவேற்பேன். மகனின் பெயரைப் பிடித்து வைத்துக்கொள்ளாதீர்கள்.

குர்ஸ்க் பகுதியில் மூடிக் கிடந்த நூற்றுக்கணக்கான கோயில்களை 1941, 1942-இல் திறக்க விட்டது ஜெர்மன் ஆக்கிரமிப்பு நிர்வாகம். மக்களைத் தன் பக்கம் இழுக்க அதை ஒரு கருவியாகப் பயன்படுத்தியது. அந்த வயலில் செத்தவன் எதிர்த்துப் போரிட்டது அதே நிர்வாகத்தைத்தான். தேவாலயம் என்றாலே தாயின் கண்ணீர் மட்டும் என்று சொல்லிவிட முடியாது.

சீனாய்மலை:

நான் கிறிஸ்தவள், கிழக்கத்திய வழிபாட்டு முறைகளைக் கொஞ்சம் முறையாகப் படித்திருக்கிறேன். இங்கே யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இதைச் சொன்னால் இரண்டு பக்கமும் என்மேல் வருத்தப்படலாம்.

ஆர்த்தடாக்ஸ் முறையில் இறந்தவர்களை நினைப்பது பொதுவான அஞ்சலியோடு முடிவதில்லை. பூசை தொடங்குவதற்கு முன்னால் பாதிரியார் பலிபீடத்துக்குப் பக்கத்து மேசையில் அப்பம் தயார் செய்வார். மக்கள் சீட்டில் எழுதிக் கொடுத்த ஒவ்வொரு பெயருக்கும் அப்பத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்து வைப்பார். பிறகு அவையெல்லாம் கிண்ணத்தில் சேரும். அந்தச் சீட்டில் எழுத வேண்டியது ஞானஸ்நானப் பெயர். குடும்பப்பெயர் தேவையில்லை, ஞானஸ்நானம் பெறாதவருக்கு அந்த இடத்தில் பெயர் வாசிக்க மாட்டார்கள். ஞானஸ்நானம் பெறாத உறவினருக்காக வேண்டிக்கொள்ள விரும்புகிறவர்கள் புனித ஊவாரிடம் தனியாக மன்றாடுவார்கள். அதிலும் அங்கே கருத்து வேறுபாடு உண்டு.

புரோகோரவ்காவின் பளிங்குப் பலகையில் இருப்பது படைப்பிரிவுகளின் இழப்புப் பட்டியல்களில் இருந்து எடுத்த பெயர்கள். அதில் முஸ்லிம் உண்டு, யூதர் உண்டு, நாத்திகர் உண்டு, 1920-களில் பிறந்து ஞானஸ்நானமே பெறாத ரஷ்யரும் உண்டு. திருச்சபைக்கு இது தெரியும். 1994 டிசம்பரில் முடிந்த ஆயர் மன்றத்தில், வருடா வருடம் மே 9 அன்று, விசுவாசத்துக்காகவும் தாய்நாட்டுக்காகவும் மக்களுக்காகவும் உயிர் கொடுத்த வீரர்களுக்கு நினைவு வழிபாடு நடத்துவது என்று முடிவெடுத்தார்கள். அது பெயர் சொல்லாத பொது மன்றாட்டு. சுவரில் இருக்கிற பெயர்களில் ஒரு பகுதியைப் பலிபீடத்தில் வாசிக்க அதே திருச்சபையின் ஒழுங்கு இடம் கொடுக்காது.

ஆக, கரிசல்காட்டான் அண்ணா, அது தாய் கேட்டிருக்கக்கூடிய முழு வழிபாடு இல்லை. மேட்டுத்தெரு சொல்கிறபடி அந்தப் பெயர்களைத் திருச்சபை தனக்கென்று பிடித்து வைத்துக்கொள்ளவும் இல்லை. தன் விதிப்படி வாசிக்க முடியாத பெயர்களையும் தன் சுவரில் ஏற்றிக்கொண்டது. எனக்கு அதுதான் அந்தக் கட்டடத்தில் பெரிய விஷயம். ஒரு கிராமத்துத் திருச்சபை, "இவன் எங்கள் ஆளா" என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாரையும் உள்ளே விட்டிருக்கிறது.

நேர்கோடு:

சகோதரி, நீங்கள் எழுதியது இந்த இழையிலேயே எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. ஆனாலும் "உள்ளே விட்டிருக்கிறது" என்பதில்தான் எனக்குச் சிக்கல். உள்ளே வர அவர்கள் கேட்கவில்லை.

பட்டியலைப் பற்றியும் ஒன்று. போரின் ஆரம்பத்தில் செம்படை வீரனிடம் ஒரு சின்ன எபோனைட் குப்பி இருந்தது. உள்ளே பெயரும் ஊரும் எழுதிய காகிதச் சுருள். 1942 நவம்பரில் ஒரு உத்தரவு போட்டு அதை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு அடையாளம் என்றால் சட்டைப் பையில் இருந்த காகிதக் கையேடு மட்டும். டாங்கி எரிந்தால் அதுவும் எரியும். மண்ணில் புதைந்தால் சில வருடங்களில் மட்கும். அதனால் இன்று தேடல் குழுக்கள் அந்த வயல்களில் எலும்பை எடுத்தால், பெரும்பாலும் யார் என்று சொல்ல முடிவதில்லை. அந்த உத்தரவைப் போட்டதும் அரசு, எண்களை மறைத்ததும் அரசு, பெயரைப் பொறித்து விழா எடுத்ததும் அரசு. இந்தத் தொடர்ச்சியை அந்தச் சுவர் சொல்கிறதா? குர்ஸ்க் தற்காப்புப் போரில் மட்டும், ஜூலை 5 முதல் 23 வரை, திரும்பி வராத சோவியத் வீரர்கள் 70,330 பேர். இது ரஷ்யாவின் சொந்த அதிகாரப்பூர்வக் கணக்கு. புரோகோரவ்கா சுவரில் அதில் பத்தில் ஒரு பங்கு. மீதிப் பேருக்கு என்ன?

கரிசல்காட்டான்:

மீதிப் பேருக்கும் சுவர் வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். அது இந்தச் சுவரை எதிர்க்கும் வாதம் ஆகாது.

எண்களைப் பற்றி இரண்டு முறை சொல்லிவிட்டீர்கள்; அதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். சோவியத் கதையை உடைத்தவர்களில் முக்கியமானவர் வலேரி சமூலின். வெளிநாட்டுக்காரர் இல்லை, புரோகோரவ்கா அருங்காட்சியகத்திலேயே வேலை செய்த ரஷ்ய ஆய்வாளர். அந்தத் தேவாலயம் எழுந்த பிறகுதான் அவருடைய நூல்கள் வந்தன. பள்ளத்தைப் பற்றியும் மாலென்கோவ் குழுவைப் பற்றியும் நீங்கள் மேலே எழுதியதெல்லாம் அவரைப் போன்றவர்கள் தோண்டி எடுத்ததுதான். சாம்பிராணிப் புகை யாரையும் தடுக்கவில்லை.

2019-இல் ஜெர்மன் நாளிதழ் டீ வெல்ட்டில் ஒரு கட்டுரை வந்தது. புரோகோரவ்காவில் சோவியத் வெற்றியே நடக்கவில்லை, எனவே அந்த நினைவுச்சின்னத்தை இடித்துவிட வேண்டும் என்ற அளவுக்கு எழுதினார்கள். ரஷ்யாவில் பெரிய கொந்தளிப்பு. அப்போதுதான் எனக்கு ஒன்று தெளிவானது. வெற்றி என்று சொல்லி எழுப்பிய கோபுரத்தை, "வெற்றி இல்லை" என்று ஒருவர் வந்து அசைத்துப் பார்க்க முடியும். தேவாலயச் சுவரை அப்படி அசைக்க முடியாது. டாங்கி 300 என்றாலும் 800 என்றாலும், வென்றாலும் தோற்றாலும், அந்தப் பையன் செத்தது உண்மை. தளபதி முட்டாள்தனமாக அனுப்பியிருந்தால், அவன் பெயரைச் சொல்ல வேண்டிய காரணம் இன்னும் கூடுகிறதே தவிர குறையவில்லை.

இந்த வழக்கத்துக்கு அங்கே பழைய வேர் இருக்கிறது. 1812-இல் பொரோடினோவில் ஜெனரல் துச்கோவ் செத்தார். மனைவி மார்கரீத்தா பிணங்களுக்கு நடுவே கணவனைத் தேடினாள்; உடல் கிடைக்கவில்லை. வைரங்களை விற்று, அவர் விழுந்த இடத்தில் ஒரு சிறு கோயில் கட்டினாள். 1820-இல் அர்ச்சித்தார்கள். பின்னால் அதைச் சுற்றி மடம் வளர்ந்தது. அவளே அதன் தலைவியானாள். அதற்கு உத்தரவிட்ட அமைச்சகம் எதுவும் இல்லை. அந்தக் களத்தில் நினைவுக் கோயில் என்பது அப்படித்தான் தொடங்கியது, ஒரு விதவையின் கையால்.

மேட்டுத்தெரு:

விதவையின் கையால் தொடங்கியது எங்கே வந்து முடிந்திருக்கிறது என்றும் பாருங்கள். மாஸ்கோவுக்கு வெளியே குபின்காவில், ராணுவப் பூங்காவுக்குள், ஆயுதப்படைகளின் தலைமைத் தேவாலயம். 2020 ஜூனில் அர்ச்சித்தார்கள். குவிமாடத்தின் அடித்தண்டு 19.45 மீட்டர் குறுக்களவு, 1945-க்காக. படிக்கட்டில் ஜெர்மன் ஆயுதங்களை உருக்கிய உலோகம். மோசைக் (சிறு கற்களைப் பதித்த ஓவியம்) திட்டத்தில் ஸ்டாலின் உருவமும் புதின் முகமும் இருந்தது வெளியே தெரிந்து, எதிர்ப்பு வந்து, இரண்டையும் எடுத்தார்கள். சுவரில் மோசைக்காக வைக்க நினைத்தது ஸ்டாலினை, அதே மதத்தின் பாதிரியார்களைச் சுட்டுக் கொன்ற ஸ்டாலினை! புரோகோரவ்காவில் சின்னதாகத் தொடங்கிய பாதைதான் குபின்காவில் போய் நின்றது என்பது என் உறுதியான எண்ணம்.

சீனாய்மலை:

குபின்காவை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். எதிரியின் ஆயுதத்தை உருக்கி அதன்மேல் மிதித்து ஏறுவது கிறிஸ்தவ வழிபாட்டு இடத்துக்குப் பொருந்தாது. ஆனால் ஒரே பாதை என்பதை ஏற்க மாட்டேன். அந்த நாட்டிலேயே வேறு பாதையும் இருக்கிறது.

லெனின்கிராட் முற்றுகைக் களத்தில், ம்கா ஊருக்குப் பக்கத்தில், சொலொகூபவ்கா என்று ஒரு கிராமம். போரில் சிதைந்த பழைய தேவாலயம் ஒன்று அங்கே இருந்தது. ஜெர்மானியர் அதன் நிலவறையை மருத்துவமனையாக வைத்திருந்தார்கள். 2000-இல் அதன் அருகே ஜெர்மன் போர்வீரர் கல்லறைத் தோட்டம் திறந்தார்கள். பல்லாயிரம் ஜெர்மானியர் அங்கே அடக்கம். தேவாலயத்தை ஜெர்மன் நன்கொடையில் புதுப்பித்து, 2003-இல் வேலை முடிந்தது. முற்றுகையில் பட்டினியால் உறவினர்களைப் பறிகொடுத்தவர்கள் வாழும் பகுதி அது. அங்கே எதிரியின் கல்லறைக்குப் பக்கத்தில், எதிரியின் பிள்ளைகள் கொடுத்த பணத்தில் எழுந்த கோயிலில், ரஷ்யக் கிராமத்தார் பூசை காண்கிறார்கள். எதிர்ப்பு இருந்தது, கசப்பு இருந்தது, இருந்தும் அது நடந்தது. களத்துத் தேவாலயம் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அந்த ஊர்.

குர்ஸ்க்_ஸ்டெத்:

புரோகோரவ்காவிலும் அப்படி ஒரு முயற்சி நடந்தது. சொன்னால் இப்போது வலிக்கும். 2000 மே 3 அன்று அங்கே ஒற்றுமை மணி என்று ஒன்றைத் திறந்தார்கள். புதின், உக்ரைன் அதிபர் குச்மா, பெலாருஸ் அதிபர் லுகாஷென்கோ மூவரும் பேட்ரியார்க் அலெக்சியோடு வந்து நின்றார்கள். மூன்று நாட்டுப் பையன்களும் ஒன்றாகச் செத்த வயல் என்பதற்காக. அந்தச் சுவரில் உக்ரைனியப் பெயர்கள் கொஞ்சமா நஞ்சமா?

இன்று பெல்கரத் எல்லை மாகாணம். எங்கள் குர்ஸ்க் மாகாணத்துக்குள்ளேயே 2024 ஆகஸ்டில் சண்டை வந்துவிட்டது. நான் பஸ்ஸில் போன பாதைகளில் சில அப்போது போர்க்களம் ஆயின. என் வகுப்புத் தோழர்களில் இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள். இதற்கு மேல் எழுத வரவில்லை.

நேர்கோடு:

தம்பி, உங்கள் தோழர்கள் எல்லாரும் நலமாகத் திரும்ப வேண்டும்.

கரிசல்காட்டான், அவர் சொன்னதை வைத்தே கேட்கிறேன். 2022 செப்டம்பரில் இப்போதைய பேட்ரியார்க் கிரில், இந்த உக்ரைன் போரில் கடமை செய்து சாகிறவனின் பாவங்கள் கழுவப்படும் என்று பிரசங்கம் செய்தார். அதாவது, செத்தவனைப் பற்றி மட்டும் பேசும் இடம் என்று நீங்கள் சொல்லும் அமைப்பு, இன்று சாகப் போகிறவனிடம் பேசுகிறது. நாளைக்கு இந்தப் போர் நிற்கும். குர்ஸ்க் எல்லைக் கிராமங்களில் புதிய தேவாலயங்கள் எழும்பும். சுவரில் புதிய பெயர்கள் வெட்டுவார்கள். அதையும் ஆதரிப்பீர்களா?

கரிசல்காட்டான்:

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். இடிந்த வீட்டுக்குத் திரும்பி வந்த ஊர்க்காரர்கள், தங்கள் செத்தவர்களுக்காகக் கட்டினால் ஆதரிப்பேன். பாதுகாப்பு அமைச்சகமோ மாகாண ஆளுநரோ கட்டினால் எதிர்ப்பேன். கிரிலின் அந்தப் பிரசங்கம் தவறு, பெரிய தவறு. சாவதற்கு முன்னால் ஒருவனிடம் சொர்க்கத்தைக் காட்டி அனுப்புவதற்கும், செத்த பிறகு அவன் பெயரைச் சொல்லி அழுவதற்கும் நடுவே உள்ள கோட்டைத் திருச்சபை தாண்டக் கூடாது. புரோகோரவ்கா அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது.

நேர்கோடு:

புரோகோரவ்காவில் முன்னால் நின்று நிதி திரட்டியவர் நிக்கலாய் ரிஷ்கோவ். சோவியத் யூனியனின் முன்னாள் பிரதமர். அவர் ஊர்க்காரரா?

கரிசல்காட்டான்:

இல்லை. ஆனால் அப்போது அவர் பிரதமரும் இல்லை. 1991-லேயே பதவி போய்விட்டது. பணத்தில் பெரும்பகுதி நாடு முழுக்க இருந்து வந்த நன்கொடை. பெயர்களில் இருந்தவர்களின் குடும்பங்களும் கொடுத்திருக்கிறார்கள். ரிஷ்கோவ் முன்னால் நின்றார் என்பதற்காக அந்தக் குடும்பங்கள் கொடுத்ததை அரசுப் பணமாக நான் எண்ண மாட்டேன்.

நேர்கோடு:

முன்னாள் பிரதமர் நின்றால், பேட்ரியார்க் வந்தால், அதே வருடம் களத்தையே அரசு அருங்காட்சியகமாக அறிவித்தால், அது அரசின் வேலைதான் நண்பரே. குடும்பங்கள் கொடுத்த காசு உண்மையானது, அதை ஏற்கிறேன். அதனால் சுவரைப் பெயர்க்கச் சொல்லவில்லை. அந்தத் தேவாலய வாசலில் ஒரு பலகை வைக்கச் சொல்கிறேன்: அன்று எத்தனை டாங்கி போனது, எத்தனை திரும்பியது, பள்ளத்தை வெட்டியது யார், உள்ளே இருக்கும் பெயர்களில் எத்தனை இனங்கள், எத்தனை மதங்கள். சமூலின் புத்தகத்தில் இருப்பது அந்த ஊர்ச் சுவரிலும் இருக்கட்டும். அதற்குப் பாதிரியார் சம்மதித்தால், "அநியாயம்" என்று நான் எழுதிய வரியைப் பற்றி மறுபடி பேசலாம்.

சீனாய்மலை:

பலகையை வாசலில் வைப்பதில் எந்த வழிபாட்டு ஒழுங்கும் குறுக்கே வராது. மதங்களின் எண்ணிக்கையை மட்டும் விட்டுவிடுங்கள். இழப்புப் பட்டியலில் அந்தக் கேள்வியே கிடையாது; ஊகித்து எழுதினால் அது இன்னொரு பொய்க் கணக்காகிவிடும்.

மேட்டுத்தெரு:

பலகை வைத்தாலும் என் எதிர்ப்பு அப்படியே இருக்கும் என்று பதிவு செய்கிறேன். பெயர்கள் வெளியே, வானத்துக்குக் கீழே, எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். உள்ளே கோயில் கோயிலாக இருக்கட்டும்.

கரிசல்காட்டான்:

பலகைக்கு நான் சம்மதம். பள்ளத்தை வெட்டியது யார் என்ற வரி முதலில் வரட்டும். பெயர்களை வெளியே கொண்டுபோவதற்குச் சம்மதம் இல்லை. அந்தப் பாட்டியைப் போன்றவர்கள் கை வைத்த கல்லை இடம் மாற்ற எனக்கோ உங்களுக்கோ உரிமை கிடையாது.